கோழி வேஷம் தைத்தவள்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் கடையில் துணி வெட்டுகிறவருக்கு அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வெட்டியதை மிஷினில் ஓட்டுகிறவர் டெய்லர். எங்கள் கடையில் இரண்டும் அவரே என்பதால் இரண்டு பெருமையும் அவருக்கே. தைத்து முடித்த சட்டையில் பட்டன் நுழையக் காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுகிறவளுக்கு மட்டும் ஒரு பெயரும் கிடையாது. அந்தப் பெயரில்லாதவள் நான். கடையிலிருந்து மூட்டை வீட்டுக்கு வரும், வேலை முடிந்து கடைக்குத் திரும்பிப் போகும், நான் போவது எப்போதாவதுதான்.

சட்டை வாங்க வருகிறவர்கள் காஜாவை விரலால் தடவிப் பார்த்து, "மாஸ்டர் கை மாஸ்டர் கைதான்" என்பார்கள். அவரும் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி அடக்கமாகச் சிரிப்பார். நோகாமல் நுங்கு தின்பது என்று சொல்வார்களே, அதற்குப் படம் போட வேண்டுமென்றால் அந்தச் சிரிப்பைப் போடலாம். மிஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை. "இன்னொருத்தர் கால் பட்டா மிஷின் பழக்கம் மாறிடும்" என்பார். என் கால் என்ன யானைக் காலா என்று கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. சேட்டைக்குத் தகுந்தபடி வாலு என்று கூப்பிடுகிறோம். அவள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் மாறுவேடப் போட்டி நடக்கும். போன வருஷம் வரைக்கும் வசதியுள்ளவர்கள் வாடகைக் கடையிலிருந்து ராஜா உடுப்பும் தளபதி உடுப்பும் எடுத்துவந்து, பிள்ளைகளுக்கு மாட்டி நிறுத்தி, பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள். அது டீச்சருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. இந்த வருஷம் பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார்.

"வீட்டுல கிடக்கிற பழைய துணி, வெட்டுத் துணி, அட்டை, அதுலதான் வேஷம் இருக்கணும். வீட்டுல இருக்கிறவங்க கையால தைக்கணும், இல்லன்னா ஒட்டணும். கடையில வாங்கக் கூடாது, வாடகைக்கு எடுக்கக் கூடாது, தையல் தொழில் பண்றவங்ககிட்ட கொடுக்கவும் கூடாது. பரிசு வாங்குற குழந்தையோட, அந்த வேஷத்தைத் தச்சவங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு கௌரவிக்கப் போறோம்."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆசைதான், வேறென்ன. இந்த வயதில் மேடை ஆசையா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை சட்டை என் மடியில் கிடந்து எழுந்து போயிருக்கும். இதை நீயா செய்தாய் என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை நான் செய்த வேலைக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் போய்த் தயங்கித் தயங்கி விசாரித்தேன். "எங்க வீட்டுக்காரரு டெய்லருங்க. நான் தச்சா ஒத்துக்குவீங்களா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க கடையில வேலை பாக்கலையே?"

"இல்லைங்க. வீட்டுலதான்."

"அப்போ நீங்க தைக்கலாம். ஆனா அவரு கை படக் கூடாது."

அவர் கையா? சொந்தச் சட்டைக்குப் பட்டன் அறுந்தால்கூட அவர் கை படாதே. சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் குனிந்து பேன்ட் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "பாருங்க, நீங்க தொடவே கூடாதாம். டெய்லர் தச்சா பரிசு கிடையாதாம். தச்சவங்களையும் மேடைக்குக் கூப்பிடுவாங்களாம்" என்றேன். "ம்" என்றார். புரிந்ததா என்று திரும்பக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா? வெட்டுத் துணி வேணும்னா மேசைக்கு அடியில இருக்கு, எடுத்துக்கோ" என்றார். கையில் சாக்குக்கட்டி இருக்கும்போது அவரிடம் எது சொன்னாலும் செவிடன் காதில் ஊதின சங்குதான். வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் முதலில் "ம்" வரும். வெட்டுத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன வேஷம் என்று வாலுவைக் கேட்டேன். "கோழி" என்றாள்.

"ஏன்டி, எல்லாரும் இளவரசி, தேவதைன்னு வருவாங்க. உனக்குக் கோழிதான் கிடைச்சுதா?"

"இளவரசி சும்மா நிக்கணும். கோழின்னா கொத்தலாம்."

நியாயம்தானே.

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தளர்வான அங்கி ஒன்று தைத்தேன். அதன்மேல் இறகு இறகாக ஒட்டுத் துணி வைத்துத் தைக்க வேண்டும். பேன்ட் துணியில் பழுப்பு நிறம் மட்டுமே பல தினுசு கிடைத்தது, செம்மண் பழுப்பு, காபிப் பழுப்பு, கறுப்போடிய பழுப்பு. நடுநடுவே சட்டைத் துணியில் வெள்ளையும் மஞ்சளும். ஒவ்வொன்றையும் நாக்கு வடிவில் வெட்டி, பிசிறு வராமல் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, மேல்பக்கத்தை மட்டும் அங்கியோடு பிடித்தேன். கீழ்ப்பக்கம் தொங்கினால்தான் நடக்கும்போது சிலிர்க்கும். பேன்ட் துணி கனம். மடிப்பில் நாலு சுற்று சேர்ந்தால் ஊசி உள்ளே போக மறுக்கும். நூலுக்கு மெழுகு தடவி, விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அழுத்தினேன். அப்படியும் விரல் பொத்தல் பொத்தலாகத்தான் ஆனது.

முதல் நாள் சாப்பிட வந்தவர் எட்டிப் பார்த்தார். "கழுத்துலேர்ந்து ஆரம்பி. வரிசையா கீழ இறங்கி வா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மாஸ்டர் வாக்காயிற்றே என்று நானும் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வரிசை முடித்து எடுத்து நிறுத்திப் பார்த்தால், கோழி தலைகீழாக முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வரிசையின் தையல் முதல் வரிசையின் மேல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கூரைக்கு ஓடு வேய்கிறவனைக் கேட்டால் சொல்லுவான், கீழே ஆரம்பித்து மேலே போனால்தான் ஒன்றின் தலையை அடுத்தது மூடும். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு அடி ஓரத்திலிருந்து மறுபடி ஏறினேன். இந்த வேஷத்தில் அவருடைய பங்கு என்று சொன்னால், அந்தப் பிரித்த இரண்டு வரிசைதான்.

காலையில் இருவரையும் அனுப்பிவிட்டு, கடை மூட்டையை முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஜன்னலோரம் கோழியோடு உட்கார்ந்தேன். மணிக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் இறக்கை வைத்தேன். சிவப்பு லைனிங் துணிக்குள் பிசிறை அடைத்துக் கொண்டை செய்தேன். முதுகில் கொக்கி வைத்தேன். சொல்லக் கூடாது, என் கண்ணே பட்டுவிடும், அவ்வளவு அழகாக வந்தது. வாலு அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கொக்கரித்துத் திரிந்தாள். கட்டில் காலைக் கொத்தினாள், என் முழங்காலைக் கொத்தினாள். "அம்மா, நீ மேடைக்கு வருவேல்ல, அப்போ என் இறக்கைய மிதிச்சிடாதே" என்றாள்.

"கோழி மிதிச்சு குஞ்சு சாகாதுடி" என்றேன்.

"நீ கோழி இல்ல. நான்தான் கோழி."

போட்டியன்று மத்தியானம் அவர் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் ஜெயிப்பதையும், நான் மேடை ஏறுவதையும் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அரங்கத்துக்குள் நுழைந்ததிலிருந்து "வாங்க மாஸ்டர்", "இங்க உக்காருங்க மாஸ்டர்" என்று நாலா பக்கமும் வரவேற்பு. இருக்காதா பின்னே? பாதி அரங்கம் அவர் வெட்டின சட்டையைத்தான் போட்டிருந்தது. எல்லாச் சட்டையிலும் என் காஜா.

இளவரசிகள் வந்தார்கள், சும்மா நின்றார்கள், போனார்கள். ஒரு பையன் அட்டைப்பெட்டிக்குள் ரோபோவாக வந்து வழி தெரியாமல் திரையில் முட்டிக்கொண்டான். பிறகு எங்கள் கோழி வந்தது. தலையை வெட்டி வெட்டி நடந்தது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையின் செருப்பைக் குனிந்து கொத்தியது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. பிறகு அது இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு சுற்றியது பாருங்கள், அடி வரிசையிலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழும்பி, அடங்கியது. பக்கத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

முதல் பரிசு கோழிக்குத்தான். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, "இந்த வேஷத்தைத் தச்சவங்க மேடைக்கு வரலாம்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். முழுக்கக்கூட இல்லை, பாதி. அதற்குள் முன்வரிசை, பின்வரிசை எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. "மாஸ்டர், போங்க மாஸ்டர்!" முதுகில் தட்டினார்கள். கை தட்டினார்கள். இந்தப் பக்கத்தில் எது தைத்திருந்தாலும் அது அவர் தைத்தது என்பது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். அவருக்கே பழகிப்போனதுதான். எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை அழைத்துப்போகத்தான் எழுந்தார் என்று அந்த ஒரு நிமிஷம் நான் நினைத்தேன் என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இவ்வளவு அழகா எப்படித் தச்சீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

மைக் கிடைத்தால் விடுவாரா? "எல்லாம் அனுபவம்தாங்க. கழுத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். வரிசையா கீழ இறங்கி வரணும்" என்றார்.

நான் எழுந்த மாதிரியே, பாதியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத் தலைகீழாகப் பரிமாறுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"டெய்லருங்க. நம்ம கடை உங்களுக்குத் தெரியுமே" என்று பெருமையாகச் சிரித்தார்.

தலைமையாசிரியையின் முகம் மாறியது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அப்போதுதான் நான் போனேன். எப்படி நடந்தேன், எந்தப் படியில் ஏறினேன் என்று தெரியவில்லை. ஆசைப்பட்ட மேடை அது. அதில் அப்படியா ஏற வேண்டும், சண்டைக்காரி மாதிரி.

"அம்மா, நான்தாங்க தச்சேன். ஆரம்பத்துலேர்ந்து நான்தான். டீச்சரைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஒரு ஊசியும் நூலும் கொடுங்க, இப்பவே தச்சுக் காட்டறேன்."

"அவங்க அன்னைக்கே என்கிட்ட கேட்டாங்க மேடம்" என்றார் டீச்சர்.

"கேட்டாங்க, சரி. ஆனா இவரு எல்லார் முன்னாடியும் தச்சேன்னு சொல்றாரே. எப்படித் தச்சேன்னுகூடச் சொல்றாரே" என்று தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. யாரு தச்சது?"

அவருக்கு அப்போது விஷயம் புரிந்துவிட்டது. நெற்றி வேர்த்தது. கீழே வாடிக்கையாளர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். "இவள்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகளுக்குப் பரிசு, எனக்கு மேடை. அவருக்கு என்ன போய்விடும்? ஒரு நாள் நாலு பேர் கிண்டல் பண்ணுவார்கள், மறுநாள் அளவு கொடுக்க வந்துவிடுவார்கள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார்.

"அவ கூடமாட ஒத்தாசை பண்ணா" என்றார்.

ஒத்தாசை! கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

டீச்சர் நல்லவர். விடவில்லை. "குழந்தையைக் கேப்போம் மேடம். அவளுக்குத் தெரியாதா?" என்று வாலுவின் முன்னால் குனிந்தார். "பயப்படாம சொல்லு கண்ணு. உனக்கு இதை யாரு தச்சுக் கொடுத்தாங்க?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து துணி பொறுக்கிக் கொடுத்தவள் அவள். பிளாஸ்திரி மாற்றும்போது விரலில் ஊதிவிட்டவள் அவள். வாலு அப்பாவைப் பார்த்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தாள். பிள்ளை பயந்திருக்கிறதே, தைரியமாகச் சொல்லட்டும் என்று நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"அப்பா" என்றாள்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்லிப் பரிசு வாங்க வந்தவளைப் பார்க்கும் பார்வை. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதல் பரிசு ரோபோவுக்குப் போயிற்று. அவன் அம்மா அட்டைப்பெட்டியைத் தடவிக்கொண்டே மேடை ஏறினாள். பசை காய்ந்த கையைத் துடைத்துவிட்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் ஒட்டினாள், அவள் நின்றாள்.

திரும்பி வரும் வழியில் அவர் கொஞ்ச தூரம் எங்களுக்கு முன்னால் நடந்தார். பிறகு தைரியம் வந்துவிட்டது. "அப்படி ஒரு விதி இருக்குன்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" என்றார். "சரி விடு, பரிசு என்ன பெரிய பரிசு. என் பொண்ணு என் மானத்தைக் காப்பாத்திட்டா" என்று மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவள் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே நடந்தாள். எதிரில் வந்த ஒருவர், "பரிசு போனா என்ன மாஸ்டர், வேலைன்னா உங்க வேலை!" என்று நின்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் சிரித்தார். அதே அடக்கமான சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். உள் அறையில் வாலு வேஷத்தைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"யாருடி தச்சது?"

"நீதான்."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "நீன்னு சொன்னா அப்பா கோச்சுக்குவாரு."

"நான் கோச்சுக்க மாட்டேனா?"

"மாட்டே" என்றாள். "நான் உன்னைப் பார்த்தேன்ல? நீ சிரிச்சே. அதான் சொன்னேன்."

இந்த வீட்டில் யாரை நோகடித்தால் ஆபத்து, யாரை நோகடித்தால் ஒன்றும் ஆகாது என்று எட்டு வயதில் ஒன்று தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அவர் செய்ததுகூட எனக்குப் பழகின வலிதான். அந்த வலியை வாங்கி வாங்கி ஒரு பக்கம் மரத்தே போய்விட்டது. இது புதுசு. என் வயிற்றில் பிறந்தது, என் முகத்தைப் பார்த்து, என் சிரிப்பைப் பார்த்து, இவள் தாங்குவாள் என்று முடிவு பண்ணியிருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இல்லைடி, எனக்கும் கோபம் வரும், இப்போது பார் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் போலிருந்தது. பெற்ற நாளிலிருந்து அவளை ஒரு அடி அடித்ததில்லை. கையை ஓங்கிவிட்டேன்.

அவள் பயப்படவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கொக்கியைக் கழற்றத்தான் கையைத் தூக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

கழற்றிவிட்டேன்.